மேனேஜரின் ரத்தப் பரிசோதனை

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நலமா என்று கேட்கும் உரிமையை நானே கெடுத்துக்கொண்டேன். ஆனாலும் கேட்கிறேன். குழந்தை நலம். கழுத்துக் கட்டி கரைந்துவிட்டது, காய்ச்சல் இல்லை.

நீங்கள் அனுப்பிய உறை வந்தது. உள்ளே உங்கள் கையெழுத்தில் ஒரு வரிகூட இல்லை, உங்கள் பூனையின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் மட்டும். ‘பெயர்: மேனேஜர்’ என்று அச்சடித்திருந்ததைப் பார்த்து உங்கள் தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறு வாரமாக இந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. பூனையிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் அந்தப் பூனைக் கிருமிக்கான ஆன்டிபாடி மேனேஜரிடம் துளியும் இல்லையாம். அந்தக் கிருமி அவனை ஒரு நாளும் தொட்டதே இல்லை.

அன்று கழுத்துக் கட்டிக்காக எடுத்த குழந்தையின் ரத்த ரிப்போர்ட் கைபேசியில் வந்ததும் டாக்டருக்குக் காட்டாமல் நானே படித்தேன். பூனைக் கிருமிக்கு நேரே ‘பாசிட்டிவ், நூற்று நாற்பது’ என்று இருந்ததற்கு மஞ்சள் கோடு போட்டு, நீங்கள் பார்க்கட்டும் என்றே ஃபிரிட்ஜில் ஒட்டினேன். நீங்கள் கேட்டது ஒரே கேள்வி, “டாக்டர் பார்த்தாராம்மா?” என்று. “எனக்கும் படிக்கத் தெரியும்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “புள்ள பெத்திருந்தா இப்படிப் பூனைய மடியில வெச்சுக் கொஞ்ச மாட்டீங்க” என்றும் சொன்னேன். அந்த வாக்கியத்தை இங்கே முழுதாக எழுதக் காரணம், அதை நான் மறந்ததாக நீங்கள் நினைக்கக் கூடாது என்பதுதான்.

காயப்போட்ட குழந்தைத் துணிகளை மடித்து வைத்துவிட்டு, மேனேஜரைக் கூடையில் எடுத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கே போனீர்கள்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் சொன்னார்: “இந்த ஆன்டிபாடில ரெண்டு வகை இருக்கும்மா. ஒண்ணு, நோய் புதுசா வந்தா முதல்ல தலைகாட்டும். அது இவனுக்கு இல்ல. இன்னொண்ணு, என்னைக்கோ வந்துட்டுப் போனதோட ஞாபகம். மூணு மாசக் குழந்தைக்கு ஏது ஞாபகம்? வயித்துல இருக்கறப்போ அம்மா குடுத்ததா இருக்கும்.” என் ரத்தத்தையும் எடுத்தார்கள். குழந்தையைவிட எனக்குத்தான் அதிகம். எந்த வயதில் வந்து போனதோ, எனக்கே தெரியாது. குழந்தையின் ரிப்போர்ட்டின் அடியிலேயே ‘தாயிடமிருந்து வந்ததாகவும் இருக்கலாம்’ என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. நான் விலங்கியல் படித்தவள் அண்ணி. இதே கேள்விக்குத் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன்.

அன்றே உங்களுக்குப் போன் செய்திருக்க வேண்டும். இரண்டாவது பரிசோதனையும் வரட்டும் என்று ஒரு சாக்கு வைத்துக்கொண்டேன். நேற்று வந்தது. நூற்று நாற்பது அறுபதாகியிருக்கிறது. அவனுக்கே நோய் இருந்தால் இப்படி இறங்காதாம். நான் கொடுத்ததுதான், கரைந்து போகிறது. முழுக்கப் போகும்வரை சோதிக்க வேண்டும், அடுத்த மாதம் ரத்தம் எடுக்க மறுபடி ஊசி. போன முறை ஊசி குத்தியபோது அழுதுகொண்டே உங்கள் தோளைத்தான் தேடினான். என் தோளில் அடங்கவில்லை.

கடிதம் எழுதப் போகிறேன் என்றதும் உங்கள் தம்பி கேட்டார், “அக்கா வேணும்னு எழுதறியா, புள்ளைய பாத்துக்க ஆள் வேணும்னு எழுதறியா?” என்று. சுருக்கென்றது. அதனால் அலுவலகத்தில் விடுப்பை நீட்டித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள நான் இருக்கிறேன். நீங்கள் சும்மா வந்து உட்கார்ந்தால் போதும்.

இத்துடன் என் ரிப்போர்ட்டை வைத்திருக்கிறேன். மஞ்சள் கோடு நானே போட்டது. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டினாலும் எனக்குத் தகும்.

நீங்கள் தங்கியிருந்த மாடி அறை ஜன்னலின் கீழ்க்கதவில், மேனேஜர் வந்து போகும் வழியில், நான் அடித்த ஆணியைப் பிடுங்கிவிட்டேன். கதவு திறந்தே கிடக்கிறது.

குழந்தையை ஆசீர்வதியுங்கள். என்னை இப்போதைக்கு வேண்டாம்.

உங்கள் தம்பி மனைவி