கண்மாயில் மிதந்த வேன்

14-11-1971, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. லாரிக்குப் பாடி கட்டுகிற என் வீட்டுக்காரர், ஒரு பழைய வேனுக்கு அடியில் தகரத்தால் படகு கட்டியிருந்தார். உள்ளே கட்டில், ஸ்டவ், தண்ணீர்ப் பானை. ரோட்டிலும் போகும், தண்ணீரிலும் போகும் என்றார். நான் நம்பவில்லை.

பிள்ளையார்பட்டியில் பூஜை போட்டுவிட்டு நேரே கண்மாய்க்கு வந்தோம். சக்கரம் முங்குகிற அளவுக்கு இறக்கி நிறுத்தினார். தண்ணீரில் கிளம்புவதற்கும் பழம் வைக்க வேண்டும் என்று நாத்தனார் சொல்ல, நான் இறங்கிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். வைக்க வைக்க மேலே வந்து மிதந்தது.

"பழம் நசுங்காம வண்டிய எடுக்காதப்பா!" என்று நாத்தனார் கத்தினார்.

"பழமே மிதக்குது, இது மிதக்காதாக்கா?" என்று இவர் கிளப்பிவிட்டார்.

வேன் மூக்கைத் தாழ்த்தியது. பிறகு, தண்ணீருக்குள் போன எருமை போல முதுகை நிமிர்த்திக்கொண்டு மிதந்தது. நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். இவர் நடுக்கண்மாயில் எஞ்சினை நிறுத்திவிட்டு, வீட்டு அடுப்படியில் நிற்பதுபோல நின்று காப்பி போட்டுக் குடித்தார். என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை.

இவர் கரைக்கு வந்ததும் கேட்டேன். "நீச்சல் தெரிஞ்சுதானே இறங்குனீக?"

"நீச்சல் தெரிஞ்சா இதை எதுக்குக் கட்டுறேன்?"

இப்போது குறட்டை விட்டுத் தூங்குகிறார். நாளைக்கு நானும் ஏற வேண்டுமாம். எனக்கும் நீச்சல் தெரியாது. ஏறிவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது.