கடைசி வரியில் அக்காவின் பள்ளி

மார்ச் 3, திங்கள்

நகரத்தின் பதினான்கு அரசு நடுநிலைப்பள்ளிகள். எட்டாம் வகுப்பு மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றி முடித்தேன். சராசரிப்படி அடுக்கினால் கடைசி வரியில் நிற்பது அக்கா தலைமையாசிரியையாக இருக்கும் பள்ளி. கடைசியில் வரும் பள்ளியை இந்த வருடம் மூடப்போவதாக எங்கள் கல்வி அலுவலக அதிகாரி முன்பே சொல்லியிருக்கிறார். எந்த முகத்தை வைத்துக்கொண்டு அக்காவிடம் பேசுவேன்?

மார்ச் 4

விஷயம் தெரிந்து அவளே போன் செய்தாள். "பட்டியல்ல கைவச்சே, தோலை உரிச்சிடுவேன்." பிறகு குரல் இறங்கியது. "எங்க பிள்ளைங்க ஆறாவது சேரும்போது எழுத்துக்கூட்டித்தான் படிச்சாங்க. இப்போ கதைப்புத்தகத்துக்கு அடிச்சிக்கிறாங்க. அது உன் பட்டியல்ல எங்கடி தெரியும்?"

தெரியாது. மனசு கேட்கவில்லை.

மார்ச் 6

ஆகா! பிள்ளைகளின் ஆறாம் வகுப்பு மதிப்பெண்ணையும் எட்டாம் வகுப்பு மதிப்பெண்ணையும் பக்கத்தில் வைத்து, யார் எவ்வளவு ஏறியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். அக்கா பள்ளி நான்காவது! உட்கார முடியவில்லை, இரண்டு முறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 7

இரண்டு பட்டியலையும் அதிகாரியிடம் நீட்டினேன். "சார், கடைசியில இருக்கிறது என் அக்கா பள்ளி. அதையும் சொல்லிடறேன்."

"அப்போ பூதக்கண்ணாடி ஒரு தடவை பார்க்கட்டும்."

பூதக்கண்ணாடி எங்கள் தணிக்கையாளர். தன் கல்யாணப் பத்திரிகையிலேயே பிழை கண்டுபிடித்த மனுஷன். செத்தேன்.

மார்ச் 10

பூதக்கண்ணாடி இன்னும் என் பட்டியலைத்தான் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 11

பூதக்கண்ணாடி என் மேசைக்கே வந்தார். "தப்பு இருக்கும்மா."

என் பட்டியலை எடுத்து விரித்தேன்.

"வேற பள்ளியிலிருந்து நடுவுல வந்து சேர்ந்த பிள்ளைங்களை எல்லா பள்ளியிலயும் கணக்குல எடுத்திருக்கீங்க. உங்க அக்கா பள்ளியில மட்டும் இருபத்திமூணு பேரை விட்டுட்டீங்க."

உண்மைதான். அந்தப் பிள்ளைகளின் பழைய மதிப்பெண்கள் அக்காவின் கையெழுத்தில் வந்திருந்தன. சலுகை காட்டினேன் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் ஒதுக்கியிருந்தேன். இவரோ பழைய பள்ளிகளுக்கெல்லாம் போன் போட்டுச் சரிபார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"அவங்களையும் சேர்த்தா அந்தப் பள்ளிதான் முதல்." சிரிக்கக்கூட இல்லை! நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கியதில் பேனா கீழே விழுந்தது.

மார்ச் 13

அக்கா பள்ளியை மூடப்போவதில்லை. திருத்திய பட்டியலைப் பார்த்து அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார். போனில் அக்காவும் நானும் கொஞ்ச நேரம் அழுதோம், அப்புறம் காரணமே இல்லாமல் சிரித்தோம்.

ஜூன் 9, திங்கள்

பள்ளி திறந்த நாள். காலையிலேயே அக்காவின் போன். "ஏண்டி, புதுசா நாப்பது பேர் சேர்ந்திருக்காங்க. பெஞ்சு பத்தலை! உங்க ஆபீஸ்ல கேட்க நாதி இல்லையா?"

முறைப்படி விண்ணப்பம் எழுதி அனுப்பச் சொன்னேன். "அக்காகிட்டயே விண்ணப்பமா!" என்று திட்ட ஆரம்பித்தாள். பின்னாலிருந்து வந்த பிள்ளைகளின் கூச்சலில் பாதித் திட்டு காதில் விழவில்லை.