பதினெட்டு மாதக் கெடு

பிப்ரவரி 11

அன்புள்ள வாலுவுக்கு,

இங்கே நலம். நீயும் மாப்பிள்ளையும் உன் இரண்டு வானரங்களும் நலம்தானே? போனில் பேசினால் உன் அண்ணன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு "என்ன சொல்றா, என்ன சொல்றா" என்று காதைத் தின்கிறார். அதனால்தான் கடிதம். தவிர, இதை வாயால் சொன்னால் நீ நடுவில் கத்துவாய். காகிதத்தில் கத்த முடியாது. படித்துத்தான் ஆகவேண்டும்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் எனக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனது. இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டார்கள். மிச்சம் ஒரு வாழைப்பழம் அளவுக்கு இருக்கிறதாம். உன் அண்ணனைத் தவிர யாருக்கும் தெரியாது. கடைக்கு வருகிறவர்களிடம் பித்தப்பையில் கல் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அழகுராணி ஆவதற்காக இல்லை. பதினாறு வயதில் ஆரம்பித்த நீர்க்கட்டித் தொல்லை உனக்குத் தெரியும். பிசிஓஎஸ் என்று நாகரிகமாகச் சொன்னாலும் தொல்லை அதேதான். மாத்திரை போட்டால் மாதவிலக்கு வரும். போடாவிட்டால் ஐந்து மாதமானாலும் எட்டிப் பார்க்காது. போன இடமெல்லாம் "எடையைக் குறைச்சிட்டு வாங்க" என்றார்கள். நடந்தேன், பட்டினி கிடந்தேன். பத்து கிலோ இறங்கினால் பன்னிரண்டு ஏறியது. நூற்றுப் பதினெட்டைத் தொட்ட அன்றைக்கு இந்தப் புது டாக்டரம்மாவிடம் போனேன். அவள் சுற்றி வளைக்கவில்லை. "ஆபரேஷன் பண்ணினா எடை குறையும். குறைஞ்சா முட்டை ஒழுங்கா வர வாய்ப்பு இருக்கு. உறுதி தரமாட்டேன். ஆனா பதினெட்டு மாசத்துக்குக் கர்ப்பமே ஆகக்கூடாது, உடம்பு தாங்காது" என்றாள்.

"பதினாலு வருஷமா ஆகாததை இப்போ ஆகக்கூடாதுன்னு சொல்றீங்களே டாக்டரம்மா!" என்றேன். அவளும் சிரித்துவிட்டாள்.

இப்போது சாப்பாடு என்பது இரண்டு ஸ்பூன் சூப். அதற்கு அரை மணி நேரம். அவசரப்பட்டால் நெஞ்சில் கல்லாக நிற்கும். உட்கார்ந்து உறிஞ்சும்போது பழசெல்லாம் நினைவுக்கு வருகிறது. ஆளுக்கொரு பையைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக நைட்டி விற்றோமே. "ரெண்டாம் மாடிக்கு மேல நீ போ வாலு, நான் கீழேயே வியாபாரம் பாக்கறேன்" என்பேன். நீயா விடுவாய்? என்னையும் இழுத்துக்கொண்டு போய், "எங்க அண்ணியைப் பாருங்க, அவங்களுக்கே தாராளமா இருக்கு, உங்களுக்கு இருக்காதா?" என்று என்னை நிறுத்திவைத்தே விற்பாய். கேட்பவள் சிரிப்பாள், வாங்குவாள். பெரிய சைஸ் உடுப்புக்கென்றே கடை போடலாம் என்று எனக்குத் தோன்றியது அந்த மாடிப்படிகளில்தான்.

கோபப்படாமல் பதில் போடு.

பாதியாகப் போகிற உன் அண்ணி


மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

கத்தினேன். நான் வேலை பார்க்கிற தபால் பிரிக்கும் அறையில் போட்ட கத்தலில் மேற்பார்வையாளர் ஓடி வந்துவிட்டார். ஆபரேஷனாம், எனக்குச் சொல்லவில்லையாம்! அண்ணனையும் ஒரு பிடி பிடிக்கவேண்டும். போன மாதம் போனில், "அண்ணிக்கு லேசா ஜலதோஷம்" என்றான். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிறவனுக்குப் பொய்யைக் கொஞ்சம் வழவழப்பாகத் தேய்க்கத் தெரியவில்லை.

அண்ணி, நானும் ஒன்றை மறைத்துவிட்டேன். எழுதலாமா வேண்டாமா என்று மூன்று தாளைக் கிழித்தாயிற்று. எனக்குப் பத்து வாரம். மூன்றாவது. நாங்கள் நினைக்கவே இல்லை. உங்களிடம் எந்த முகத்தோடு சொல்வது என்றுதான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? என் கல்யாணத்துக்கு முந்தின வருடம். ஊசி போட்டு, ஸ்கேன் எடுத்து, அதுவும் இல்லை என்று ஆன அன்றைக்கு நீங்கள் வீட்டுக்கு வரவில்லை. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தீர்கள். நான் குனிந்து நுழைந்து வந்தேன். "அழாதீங்க அண்ணி. எனக்குக் கல்யாணமாகி ரெண்டாவது பொறந்தா அது உங்களுக்குத்தான்" என்றேன். "போடி, மாப்பிள்ளையே இன்னும் வரல, அதுக்குள்ள ரெண்டாவதா?" என்று நீங்கள் அழுகையும் சிரிப்புமாக மூக்கைச் சிந்தினீர்கள். இரண்டாவது பிறந்தபோது நான் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நீங்களும் எடுக்கவில்லை. அது ஆறு வருடமாக என்னை அரிக்கிறது.

அவரிடம் பேசிவிட்டேன். உங்களுக்குச் சம்மதமென்றால் இந்தக் குழந்தை உங்களுடையது. நீங்கள் பதினெட்டு மாதம் காத்திருக்கவேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

உங்கள் வாலு


ஏப்ரல் 14

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதத்தை முதல்முறை படித்ததும் சரி என்று சொல்லிவிட்டேன். யாருக்குக் கேட்கும்? கடையில் தனியாகத்தான் இருந்தேன். பொம்மைக்கு மாட்டிய சட்டையைச் சரிசெய்துகொண்டே "சரி, சரி" என்று இரண்டு தரம் சொன்னேன். வீட்டுக்கு வந்து ஜன்னலோர அலமாரியைக் காலி செய்யவும் ஆரம்பித்துவிட்டேன். உன் அண்ணன் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அவ மனசாரத்தான் சொல்றாளா?" என்றார். அந்த மனுஷன் வருடத்துக்கு நாலு வார்த்தை பேசுவார், அதிலும் ஒன்று இப்படி முள்ளாக இருக்கும்.

எந்தச் சரக்குக்கும் கேட்ட அன்றே நான் பதில் சொல்வதில்லை என்று உனக்குத் தெரியும். கொஞ்சம் பொறு. ஆனால் எனக்கு வேண்டும் என்பதை மட்டும் மறைக்கமாட்டேன்.

இன்னொரு சேதி. போன வாரம் மாத்திரை எதுவும் போடாமலே மாதவிலக்கு வந்தது. நாலு வருடத்தில் முதல் தடவை! ஊரில் பிள்ளைக்காகக் காத்திருப்பவளெல்லாம் அது வந்தால் அழுவாள். நான் கடைக் கழிவறையில் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதேன். காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

இருபத்திரண்டு கிலோ போய்விட்டது. கூடவே முடியும் கொத்துக் கொத்தாகப் போகிறது. வாடிக்கைக்காரர்கள் "அக்கா, உங்களுக்கு சுகரா?" என்று ரகசியமாகக் கேட்கிறார்கள். நம்ம பழைய டீச்சர், அந்த ஐந்து எக்ஸ்எல் சைஸ்காரி, நேரடியாகவே சொல்லிவிட்டாள். "உங்ககிட்ட அளவு குடுக்க எனக்குக் கூச்சம் இருந்ததில்ல. இப்போ இருக்கு" என்றாள். பிறகு வரவே இல்லை. கட்சி மாறியவளைப் போல நிற்கிறேன்.

தாடை முடி மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஜன்னல் பக்கம் என்னை உட்காரவைத்து, பல்லில் நூலைக் கடித்துக்கொண்டு நீ எடுத்துவிடுவாயே. "அசையாதீங்க அண்ணி, மீசையும் தாடியுமா எங்கண்ணனைவிட ஆம்பளையா ஆயிடுவீங்க" என்பாய். ஆறு வருடம் எடுத்தாய். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இப்போது கண்ணாடி முன் முடி பிடுங்கும் சாமணத்தோடு நானே மல்லுக்கட்டுகிறேன். உன் கை வராது.

உடம்பைப் பார்த்துக்கொள். தூக்காதே, குனியாதே.

அண்ணி


ஜூன் 20

அன்புள்ள அண்ணிக்கு,

எவ்வளவு நாள்தான் யோசிப்பீர்கள் முதலாளியம்மா? நான் வாக்கு மாறுகிறவள் இல்லை. இருபத்தைந்தாவது வாரம் நடக்கிறது. வயிற்றைப் பார்த்தவர்களெல்லாம் பெண்தான் என்கிறார்கள்.

உங்கள் குழந்தை மகா குறும்பு. நான் தபால் பையைத் தூக்கினால் சும்மா இருக்கிறாள். உட்கார்ந்தால் உதைக்கிறாள். மூத்தவள் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் வயிற்றில் வாயை வைத்து அன்றைக்கு நடந்ததையெல்லாம் ஒப்பிக்கிறாள். போன வாரம் அவளுடைய அலமாரியில் பாதியைக் காலி செய்து, "இது பாப்பாவுக்கு" என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டாள். பாப்பா அத்தை வீட்டில் வளரும் என்று சொல்லவேண்டும். நாளைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று நாளாகிறது. இவர் இப்போதெல்லாம் பெயர் பற்றிப் பேச்சு எடுப்பதில்லை. முன்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

அதையெல்லாம் விடுங்கள். குழந்தைகள் மறந்துவிடுவார்கள். நான் உறுதியாக இருக்கிறேன். எப்போது அழைத்துப்போக வருகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

வாலு


ஜூலை 8

அன்புள்ள வாலுவுக்கு,

வேண்டாம்.

இந்த ஒரு சொல்லை எழுத மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் உன் மேல் எனக்குக் கோபம். எதற்கு எழுதினாள், எதற்கு ஆசை காட்டினாள் என்று. நான் பெரிய மனசுக்காரி இல்லை, தெரிந்துகொள்.

நமக்கு முதல் தையல் மெஷின் எப்படி வந்தது? பக்கத்துத் தெருக்காரி விற்றாள். விற்றுவிட்டு வாரா வாரம் வந்தாள். "சும்மாதான் வந்தேன், எண்ணெய் போட்டீங்களா?" என்பாள். தானே எண்ணெய் விடுவாள், துடைப்பாள், சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போவாள். ஆறாவது வாரம் நீதான் சொன்னாய். "அண்ணி, அதைக் குடுத்துடுங்க. அவ நம்மளைப் பாக்க வரல." நானே அதை அவள் வீட்டில் கொண்டுபோய் இறக்கினேன். விற்றவள் திரும்பித் திரும்பிப் பார்க்கிற பொருளை அன்றிலிருந்து நான் எடுப்பதில்லை. ஒரு இரும்பு மெஷினுக்கே அப்படியென்றால், வயிற்றில் உதைக்கிறதை எப்படியடி எடுப்பேன்?

உன் கடிதத்தில் நீ உறுதியாக இருப்பதாக ஒரு வரி. மற்ற வரியெல்லாம் உன் மகளும் அந்த அலமாரியும் வாயை மூடிக்கொண்ட மாப்பிள்ளையும்தான். சீட்டைக் கிழிக்காதே. அப்படியே இருக்கட்டும்.

நான் என் கெடுவை முடிக்கிறேன். மூன்றில் ஒரு பங்கு முடிந்துவிட்டது. மூன்று மாதமாக மாதவிலக்கு முப்பது, முப்பத்தொன்று நாளில் வருகிறது. வந்தால் பார்க்கலாம். வராவிட்டாலும் அது என்னுடையதாக இருக்கட்டும்.

அந்தப் பாதி ஷட்டர் நாளில் நீ சொன்னதிலிருந்து உன்னை விடுவித்தேன். நீ அன்றைக்குக் குனிந்து உள்ளே வந்தாயே, அதுவே எனக்குப் போதும்.

அண்ணி


நவம்பர் 12

அன்புள்ள வாலுவுக்கு,

நாலு மாதமாகிறது, பதில் இல்லை. குழந்தை பிறந்த சேதியும் உன் அண்ணன் வழியாகத்தான் வந்தது. அவரிடம் பேசுகிறாய். "அண்ணிகிட்டக் குடுக்கட்டுமா?" என்றால் "பால் குடுக்கணும், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். எத்தனை தடவைதான் பால் குடிக்கும் அந்தக் குழந்தை?

முதலில் உனக்குக் கோபம் என்று நினைத்தேன். கொடுத்ததை வேண்டாமென்றால் யாருக்குமே கோபம் வரும். பிறகு உன்னைப் பற்றித் திருப்பித் திருப்பி யோசித்துப் பார்த்தேன். நீ கோபித்தால் கத்துவாய், ஒளியமாட்டாய். ஒளிகிறாய் என்றால் வேறு விஷயம்.

நான் வேண்டாம் என்றதும் உனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதுதானே? அதற்காக என் முகத்தைப் பார்க்கக் கூச்சமா? அசடே. நிம்மதி வரட்டும் என்றுதானே எழுதினேன்.

ஐம்பது வரி வேண்டாம், ஐந்து வரி போடு.

அண்ணி


டிசம்பர் 20

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் ஜூலைக் கடிதத்தைத் தபாலறை மாடிப்படியில் நின்று படித்தேன். "வேண்டாம்" என்று படித்ததும் சிரித்துவிட்டேன் அண்ணி. வாய்விட்டு. அந்தச் சிரிப்பை என் காதாலேயே கேட்டேன். அதன் பிறகு எந்த வாயால் உங்களோடு பேசுவது?

கொடுத்திருப்பேன், அது பொய்யில்லை. கொடுத்துவிட்டு வாரா வாரம் எண்ணெய் போட வந்திருப்பேன். அதுவும் பொய்யில்லை.

அவளைப் பற்றி எழுதவா, வேண்டாமா என்று தெரியவில்லை. உங்களுக்கு வலித்தால்? போட்டோ அனுப்பினால், காட்டுவதற்காக அனுப்புகிறாள் என்று தோன்றினால்? அதனால் எழுதவில்லை. அண்ணனிடமும் அனுப்பவேண்டாம் என்றேன்.

இப்போதும் எழுதவில்லை. நலமாக இருக்கிறாள், அவ்வளவுதான்.

மன்னித்தால்,
வாலு


அக்டோபர் 17

அன்புள்ள வாலுவுக்கு,

உன் மூன்றாவதுக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு வயது முடிந்திருக்கும். பத்து மாதமாக நாம் இருவரும் பரீட்சைத் தாள் மாதிரி எழுதிக்கொள்கிறோம். இங்கே மழை, அங்கே வெயில், எல்லோரும் நலம், முற்றும். எனக்குச் சலித்துவிட்டது.

ஜூலையில் கெடு முடிந்தது. இப்போது எழுபத்தொரு கிலோ. சத்து மாத்திரை மட்டும் நாளைக்கு ஆறு. டாக்டரம்மா "இனிமே உங்க பாடு" என்றாள். உன் அண்ணனுக்குக் காது சிவந்துவிட்டது. ஆகஸ்டில் வட்டம் போட்டேன், செப்டம்பரிலும் போட்டேன். முன்பு எந்த வட்டத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேனோ, அதையே பார்த்து அழுதேன். இந்த மாதம் முப்பத்தெட்டு நாளாகிறது, வட்டம் போடவில்லை.

குதிக்காதே. என் உடம்புக்குத் தள்ளிப் போவது புதிதா? இருபது வருடம் ஏமாற்றிய உடம்பு. பரிசோதிக்கும் குச்சி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், நாளைக் காலையில் பார்க்கப்போகிறேன். உன் அண்ணன் நாளைக்கு லீவு போட்டிருக்கிறார். குச்சி பார்க்க எதற்கு லீவு என்றேன். "ரெண்டுல எதுவா இருந்தாலும் வேலை ஓடாது" என்கிறார்.

பார்த்துவிட்டு எழுதலாமே என்று நீ கேட்பாய். வேண்டுமென்றுதான் இன்றைக்கு எழுதுகிறேன். பார்த்தபிறகு எழுதினால், இருந்தால் அந்தத் தெம்பில் பேசுகிறேன் என்பாய், இல்லாவிட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுகிறேன் என்பாய். இன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. தெரியாதபோது சொல்வதை நீ நம்பலாம்.

எனக்கு உன் குழந்தையைப் பற்றி எழுது. முழுசாக எழுது. எத்தனை பல், யாரைப் பார்த்து அழுகிறாள், அந்த அலமாரிப் பாதியில் என்ன வைத்திருக்கிறாள், எல்லாம். வலிக்குமா என்றால், வலிக்கும். முதல் இரண்டு பேரைப் பற்றி நீ எழுதியபோதும் வலித்தது. அந்தக் கடிதங்களை நான் நாலு தடவை படித்தேன். நீ எழுதாமல் விட்ட இந்த ஒரு வருடத்தைத்தான் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை காலத்தில் என்னை நோயாளி மாதிரி நடத்தாத ஒரே ஆள் நீ. நீயும் ஆரம்பித்துவிடாதே.

பெயர்கூட உன் அண்ணன் மூலமாகத்தான் தெரியும். நீ எழுதி அதைப் படிக்கவேண்டும்.

இது உன் கைக்கு வரும்போது குச்சியின் சேதி உனக்குப் போனிலேயே தெரிந்திருக்கும். நல்லதென்றால் சேர்ந்து கத்துவோம். இல்லையென்றால் நீ கொஞ்சம் திட்டு, நான் கொஞ்சம் அழுகிறேன். எதுவானாலும் இந்தக் கடிதத்துக்குத் தனியாகப் பதில் வேண்டும், போட்டோவோடு.

தெருமுனைத் தபால்பெட்டியை மூன்று மணிக்குத் திறப்பார்கள். இப்போது இரண்டே முக்கால். ஒட்டிவிட்டுக் கிளம்புகிறேன்.

அண்ணி