என் கையால் நீ சாப்பிடாத எட்டு மாதங்கள்

என் ஆசை அண்ணே,

வரும் ஞாயிற்றுக்கிழமை உனக்குத் தலைத் திவசம். நான் இப்போது சிரம்பான் பக்கம் ராசாவில் ஒரு சின்ன வாடகை வீட்டில் இருக்கிறேன். நீ போன மறுமாதமே பெடாஸ் தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள். ஆபீசில் கணக்கெழுதும் கிராணி இல்லாத பிறகு கிராணியின் தங்கைக்கு அங்கே என்ன வேலை? பெடாஸ் பக்கம் போய் வந்தவர்கள் சொன்னார்கள், புதுக் கிராணி அதில் குடியிருக்கிறாராம். உன் எழுதும் மேசை இருந்த இடத்தில் வாஷிங் மெஷின் நிற்கிறதாம். நல்ல செய்தி எதையாவது சொல்லித் தொடங்கத்தான் நினைத்தேன், முடியவில்லை. உன் மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

போன வாரம் மணியம் சார் வந்தார். உங்கள் வாசகர் வட்டத் தலைவர்தான். உன் கடைசி நாவலைப் புத்தகமாகப் போட வேண்டுமாம். அதற்கு என் கையெழுத்தும், என்னுடைய முன்னுரை ஒன்றும் வேண்டுமாம். "என்னா எழுத்தும்மா! அந்தத் தங்கச்சி வர்ற எடமெல்லாம் ஒடம்பு சிலுத்துப் போவுது" என்றார். என் முகத்தைப் பார்த்ததும், "அது கதைதானேம்மா, யாரும் ஒங்கள நெனைக்க மாட்டாங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

கதைதானா, அண்ணே?

என் வீட்டுக்காரர் இறந்ததும் என்னைக் கூட்டி வந்து வைத்துக்கொண்டவன் நீ. நான் வேலை பார்த்த சுங்கை காடுட் ஃபேக்டரியின் பஸ் சாயங்காலம் என்னைத் தோட்டத்து முனையில் இறக்கிவிடும். குளித்துவிட்டு வந்தால் நீ நோட்டை நீட்டுவாய், நான் லேப்டாப்பில் அடிப்பேன். கதையில் ஒரு கிராணி. செம்பனைக் குலைகளை எடை போடும் இடத்தில் எல்லாரும் தன்னைப் பற்றியே குசுகுசுப்பது அவனுக்குக் கேட்கும். லாரிக்காரன் ஹாரன் அடித்தால் அது யாருக்கோ கொடுக்கும் சைகை. வீட்டில் இருக்கும் தங்கையும் அவர்கள் ஆள்தான் என்று மெல்ல மெல்லக் கண்டுபிடிக்கிறான். நீ எழுதியதிலேயே இதுதான் உச்சம் என்று நான்தான் சொன்னேன்.

அந்த நாட்களிலேயே தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் பெண்டாட்டி ராக்கம்மா அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "கிராணி ஐயா தனியா பேசிக்கிட்டே போறாரு மல்லிகா. யாரோ என்னமோ வெச்சிட்டாங்க லா, கோயிலுக்குக் கூட்டிட்டுப் போ." நான் சிரித்தேன். எழுத்தாளன் அப்படித்தான் அக்கா, வசனத்தைச் சொல்லிப் பார்க்கிறார் என்றேன். செய்வினை என்று நம்பியவளுக்காவது உனக்கு ஏதோ சரியில்லை என்று தெரிந்திருக்கிறது. நாலு புத்தகம் படித்த எனக்குத் தெரியவில்லை.

நாம் ரசித்த கதைகளில் எல்லாம் பைத்தியக்காரன்தானே உண்மையைப் பேசுவான்? ஊரே பொய் சொல்லும், அவன் ஒருவன் கண்டுபிடிப்பான், நாம் அவன் பக்கம் நின்று அழுவோம். அவனுக்கு யார் சோறு போட்டது, யார் மாத்திரை கொடுத்தது என்று எந்தக் கதையும் நமக்குச் சொன்னதில்லை. அப்படிப் படித்துப் பழகிய கண்ணோடுதான் உன் நோட்டையும் படித்தேன். நம் புத்தகங்களும் சேர்ந்துதான் என்னை ஏமாற்றின.

இப்போது அந்த ஒரு சாயங்காலத்துக்கு வருகிறேன். அத்தியாயத்தை அடித்து முடித்துவிட்டு நான் பெரிய விமர்சகி மாதிரி பேசினேன். "அண்ணே, அவ சும்மா மொறைச்சிப் பாத்துக்கிட்டே இருந்தா யாருக்குப் பயம் வரும்? ஏதாச்சும் செய்யணும் லா. கோப்பியில மருந்து கலக்கட்டும்."

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். "எத்தன நாளா?" என்று கேட்டாய்.

நான் சிரித்துக்கொண்டே, "மொத அத்தியாயத்துலேருந்தே கலக்குறா, அவனுக்கு இப்பதான் தெரியுது" என்றேன். நீ அதை அப்படியே எழுதிக்கொண்டாய். நல்ல யோசனை சொன்னோம் என்று எனக்கு ஒரே பெருமை.

மறுநாள் காலையில் நான் வைத்த கோப்பி ஆடை படிந்து அப்படியே இருந்தது. அதற்கு அடுத்த நாளும். பிறகு சோற்றையும் விட்டாய். கடையில் பிஸ்கட் வாங்கி ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டாய். கடைசி வரை, எட்டு மாதமும் அப்படித்தான். நான் கதைக்குச் சொன்னேன் அண்ணே. நீ அதை என் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டாய்.

உன்னைக் கெஞ்சிச் சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அந்தத் தமிழ் டாக்டர் பெண் உன்னை வெளியே உட்கார வைத்துவிட்டு, "எப்போலேருந்துக்கா இப்படிப் பேசறாரு?" என்றாள். "பேசல டாக்டர், எழுதறாரு" என்று உன் நோட்டை நீட்டினேன். அப்போதும் எனக்குப் பெருமைதான். இரண்டு பக்கம் படித்துவிட்டு மூடி வைத்தாள். "ஒங்களுக்கு இது கதை அக்கா. அவருக்கு இல்ல" என்றாள். குணப்படுத்த முடிகிற நோய்தான், மாத்திரை தவறாமல் போடவேண்டும் என்றாள். நீ நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாய். தினமும் என் எதிரில் அந்த மாத்திரையையும், ஏற்கெனவே உனக்கிருந்த சர்க்கரை வியாதிக்கு, அந்த இனிப்புநீருக்கு, உள்ள மாத்திரையையும் வாயில் போட்டுத் தண்ணீரும் குடித்தாய். நான் உன்னை நம்பினேன்.

காலில் புண் வந்து, இனிப்புநீர் தலைக்கேறி, வார்டில் நீ கண்ணை மூடியபோதும் எனக்குப் புரியவில்லை. மாத்திரை போடுகிறவனுக்கு எப்படி இவ்வளவு ஏறும் என்று நர்சிடம் சண்டை போட்டேன். வீட்டைக் காலி செய்யும்போதுதான் உன் பெட்டியைத் திறந்தேன். சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகள். ஒவ்வொன்றிலும் நீ விழுங்காமல் ஒதுக்கி வைத்த அந்தந்த நாளின் மாத்திரைகள், மனசுக்கும் சரி, இனிப்புநீருக்கும் சரி. ஒவ்வொன்றின் மேலும் தேதி, நேரம், உன் முத்தான கையெழுத்தில் 'மல்லிகா கொடுத்தது', கீழே உன் ஒப்பம். இருபத்தாறு வருடம் தோட்டத்து ஆபீசில் செய்த வேலையை எனக்கு எதிராகவும் பிசகில்லாமல் செய்திருக்கிறாய்.

என்னிடம் மட்டும்தான் நீ மறைத்தாய். ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறாய். உன் சாவு வீட்டில் ராக்கம்மா அக்கா நான் நீட்டிய கோப்பியைத் தொடவில்லை. "தப்பா நெனைச்சிக்காத மல்லிகா. கிராணி ஐயா ஒரு வார்த்தை சொல்லியிருந்தாரு" என்றாள். உன் பிணம் நடுவீட்டில் கிடக்க, நான் அந்தக் கோப்பியைக் கொண்டுபோய்ச் சிங்கில் ஊற்றினேன்.

அது நீ இல்லை, நோய் என்று டாக்டர் சொல்கிறாள். அறிவுக்குப் புரிகிறது. ஆனால் அந்தக் கையெழுத்து உன்னுடையதுதானே? நோயிடம் போய் நான் சண்டை போட முடியுமா? என்னைப் பார்த்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நீயா கலக்குற?" என்று நேராகக் கேட்டிருக்கக் கூடாதா? செவிட்டில் ஒன்று வைத்துவிட்டு, அழுதிருப்பேன்.

மணியம் சாருக்கு நேற்று முன்னுரை அனுப்பிவிட்டேன். என் அண்ணனுக்கு மனநோய் இருந்தது, அதைக் கதை என்று நினைத்து நான் ரசித்தேன், கோப்பியில் மருந்து கலக்கும் இடம் நான் சொல்லிக் கொடுத்தது என்று எழுதியிருக்கிறேன். இன்று காலையில் போன் செய்தார். "இதப் போட்டா கதையோட அழகு கெட்டுரும்மா" என்றார். "அப்ப போட வேணாம் சார்" என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். முடியாது, நான்தான் சமைப்பேன். உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காய் பிரட்டல், சீனி போட்ட கோப்பி. படையலில் வைப்பதை முன்னால் யாரும் வாயில் வைக்கக் கூடாது என்பது முறை. அந்த முறையை நான் மீறப் போகிறேன். உன் படத்துக்கு நேராக உட்கார்ந்து, உன் இலையில் இருக்கும் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வாய் எடுத்து, நீ பார்க்க நான் முதலில் தின்பேன். சத்தியம். கொஞ்ச நேரம் காத்திருப்போம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு நீ சாப்பிடு, அண்ணே.

உன் கூடப் பிறந்த தங்கை,
மல்லிகா