அப்பா சொன்ன சாட்சியம்

பிளாட் புஷ், ஒக்லன்ட்
சனிக்கிழமை

அன்பு மகன் கிரிஷானுக்கு,

நாங்கள் நல்ல சுகம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், ஆனால் எனக்குப் பொய் எழுத வராது. டொரொன்டோவில் நீயும் மருமகளும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். போனில் சொன்னால் நீ "ஓமம்மா, ஓமம்மா" என்றபடி வேறு வேலை பார்ப்பாய், அதனால்தான் ஈமெயிலில் எழுதுகிறேன். ஓரிடத்தில் உட்கார்ந்து வாசி.

மடு மாதா திருநாளுக்கு இங்கே மாதா சொரூபத்தைத் தோளில் தூக்கிப் பவனி போனார்கள் அல்லவா, அப்போது நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்த மனுசன், மெசின் இருக்கிற அதே இடது தோளைக் கொடுத்துத் தூக்கினார். வேண்டாம் என்றேன். "மாதாவைத் தூக்கிறதுக்கு டொக்டரிட்டைக் கேக்கோணுமோ" என்றார். கொஞ்ச நாளில் மெசின் இருக்கிற இடம் சிவந்து வீங்கியது. எனக்குச் சொல்லாமல் சேட்டுப் பொத்தானைக் கழுத்து வரை பூட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். செபக் கூட்டம் நடத்துகிற எங்கள் செல்வராஜ், ஊர் மருந்துக்கடையில் வாங்கி மிஞ்சியிருந்த அன்டிபயோட்டிக் குளிசையைக் கொடுத்திருக்கிறார், பூசச் சொல்லி மடுக் கோயில் எண்ணெயும் கொடுத்திருக்கிறார். வீக்கம் வற்றிவிட்டது. உடனே இவர் கூட்டத்தில் எழும்பி மைக்கைப் பிடித்து, மாதாவின் எண்ணெயால் சுகம் கண்டேன் என்று சாட்சியம் சொன்னார். குளிசையைப் பற்றி ஒரு சொல் இல்லை! கூட்டத்தார் அதை வீடியோ எடுத்து முகநூலில் போட, நீயும் அதற்கு இதயம் போட்டாய், நான் மறக்கவில்லை. எனக்கு இல்லாத விசுவாசமா இவர்களுக்கு? மாதாவின் பெயரில் பொய் சொல்ல யார் உரிமை கொடுத்தது?

குளிசை முடிந்ததும் வீக்கம் திரும்பி வந்தது, கூடவே குளிர்காய்ச்சல், தோல் வெடித்துச் சீழ். ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் பிள்ளை ஒருத்தி தெளிவாகச் சொன்னாள்: கிருமி மெசினிலும் இதயத்துக்குப் போகிற வயரிலும் பாசி மாதிரிப் படிந்திருக்கிறதாம், மருந்து இரத்தத்தில் உள்ளதைக் கொல்லும், அந்தப் பாசியை அழிக்காது, அதனால் மெசின், வயர் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும், விட்டால் இதய வால்வில் பிடித்து ஆளையே கொண்டுபோய்விடுமாம். கழற்றி, ட்ரிப்பில் மருந்து ஏற்றி, இரத்தம் சுத்தமான பிறகு வலப்பக்கம் புதிது வைப்பார்கள். அதுவரை வெளியே ஒரு மெசின் இதயத்தைப் பார்த்துக்கொள்ளும். இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? மனுசன் மாட்டாராம், மருந்து மட்டும் போடட்டுமாம். ஏன் என்று கேட்டால், சுவரைப் பார்த்துச் சொல்கிறார், "சாட்சி சொன்னனான், இனி என்ன முகத்தோடை கோயிலுக்குப் போறது" என்று. கேட்டாயா கதையை? உயிர் போனாலும் பரவாயில்லை, முகம் போகக் கூடாதாம்!

எனக்கு வந்த கோபத்தில் நேற்று நேரே செபக் கூட்டத்துக்குப் போய் அதே மைக்கைப் பிடித்தேன். இவருக்கு வீக்கம் வற்றியது செல்வராஜின் குளிசையால், அதுவும் அரைகுறை வைத்தியம், இப்போது கிருமி நெஞ்சுக்குள் நிற்கிறது, மாதாவிடம் கேட்பதென்றால் அறுக்கப் போகிற டொக்டரின் கைக்காகக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பிறகு செல்வராஜே எழும்பி, "மாகிரட் அக்கா சொன்னது சரி, பிழை என்னிலைதான்" என்றார். இன்று காலை ஆஸ்பத்திரிக்கு வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், அதையே அவருக்கும் சொன்னார்.

அப்பா சம்மதித்துவிட்டார், திங்கட்கிழமை கழற்றுகிறார்கள். ஆனால் ஆட்கள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டேன் என்று என்னோடு கதைக்கிறார் இல்லை. சோறு கொண்டுபோனால் மறுபக்கம் திரும்பிப் படுக்கிறார், பெட்டி மட்டும் வெறுமையாகத்தான் வருகிறது. படுக்கட்டும். உயிரோடு இருந்து இன்னும் இருபது வருசம் என்னோடு கோபமாகவே இருக்கட்டும், எனக்கு அது போதும்.

திங்களுக்கு முதல் அவரோடு கதை, சாட்சியப் பேச்சை எடுக்காதே. குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு வெளிக்கிடு. அந்த வீடியோவில் போட்ட இதயத்தையும் எடுத்துவிடு. மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாராக.

உனக்காகவும் உன் அப்பாவுக்காகவும் கத்திக் கத்தியே தொண்டை கட்டிய
அம்மா மாகிரட்