புதுக் காரின் முதுகில் ஒரு கடைப் பெயர்

ரோவில், மெல்பேர்ன்,
ஞாயிறு பின்னேரம்.

அன்புள்ள வினுஷாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இந்தக் குளிரிலும் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். டார்வின் வெயிலில் நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, ஆஸ்பத்திரி வேலைக்கு நடுவே கொஞ்சமாவது நித்திரை கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ எடுக்கும் நேரமெல்லாம் அப்பா பக்கத்துக் கதிரையில் இருக்கிறார், இது அவர் காதுபடச் சொல்கிற விஷயம் இல்லை. மனம் ஓரிடத்தில் நிற்காமல் அலைகிறது, எழுதினால் அடங்குமா என்று பார்க்கிறேன்.

புதுக் காரின் படம் அனுப்பினேன், முன்பக்கம் மட்டும். ஏன் என்று நீ கேட்கவில்லை. பின்கதவில் செந்தில்நாதன் மாமா வேலை செய்யும் விற்பனை நிலையத்தின் பெயர் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளி நிற ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. நம்பர் பிளேட்டைச் சுற்றிய சட்டத்திலும் அதே பெயர், போன் நம்பரோடு. கையெழுத்துப் போட முன்னமே எனக்கு அந்த விளம்பரம் வேண்டாம் என்று மாமாவிடம் சொன்னேன். "ஓம் அக்கா, நான் சொல்லிவிடுறன், நீங்கள் யோசியாதேங்கோ" என்றார். எடுக்கப் போன அன்று காருக்குப் பெரிய சிவப்பு றிபன் கட்டி, எங்களை நிறுத்திப் படம் எடுத்து, கைதட்டி அனுப்பினார்கள், அந்தச் சந்தடியில் நான் பின்பக்கம் போய்ப் பார்க்கவே இல்லை. பார்த்தது கோயிலில். நேரே பூசைக்குத்தானே கொண்டுபோனோம். ஐயர் தீபம் காட்டி, முன்னுக்குப் பொட்டு வைத்து, பிறகு பின்னுக்குப் போய் அந்தப் பெயரின் நடு எழுத்தில் சந்தனத்தையும் குங்குமத்தையும் அப்பினார். நான் வாய் திறக்க முன் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து உரிக்கப் போனால் அப்பா விடவில்லை. "ஐயர் பொட்டு வச்சதைப் பிய்க்கிறதோ, உனக்கென்ன விசரோ" என்றார். கொஞ்சம் கழித்து, "செந்தில் கண்டால் என்ன நினைப்பான்" என்றார். இரண்டாவதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

இரண்டு கிழமை அப்படியே கார் ஓடினேன். ஸ்பிரிங்வேலில் சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம், பின்னால் நிற்பவர் அதை வாசிக்கிறாரா என்று கண்ணாடியில் பார்ப்பேன். சின்ன விஷயம்தான் பிள்ளை. ஆனால் இத்தனை வருடமும் அப்பா ஓடிக் கழித்த கார்களைத்தான் நான் ஓடினேன். இது என் பெயரில், நானே நிறம் தெரிவுசெய்து வாங்கியது. வேண்டாம் என்று நான் சொன்னது ஒன்றே ஒன்று, அதுவே ஒட்டிக்கொண்டு வந்தது. நான் சொல்வது யார் காதிலும் விழுவதில்லையா, விழுகிற மாதிரி நான் சொல்வதில்லையா என்று யோசித்து, லைப்ரரி வேலையிலும் அடுக்கிய புத்தகங்களையே திரும்ப அடுக்கிக்கொண்டு நின்றேன்.

போன சனிக்கிழமை அப்பா வேலைக்குப் போனதும், நீ விட்டுப்போன ஹெயார் டிரையரை நீள வயரில் வெளியே கொண்டுபோய்ச் சூடு காட்டி, பல்லிடுக்கில் விடும் நூலை ஸ்டிக்கருக்கு அடியால் விட்டு மெல்ல மெல்ல அறுத்தேன். மிச்சப் பசையை யூகலிப்டஸ் எண்ணெயால் துடைத்தேன். ஒரு கீறலும் இல்லை. நம்பர் பிளேட் சட்டத்தையும் கழற்றி கராஜில் வைத்தேன். உரித்த ஸ்டிக்கரைக் குப்பையில் போட மனம் வரவில்லை, குங்குமம் இருக்கிறதே. கறிவேப்பிலைச் சாடியின் மண்ணுக்குள் தாட்டுவிட்டேன். சிரியாதே.

இன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு மாமா வந்தார். கார் வெளியேதான் நின்றது, கண்டிருப்பார். சோறு போடும்போது மெதுவாக, "அக்கா, ஸ்டிக்கர் எங்கை?" என்றார். நான் வாய் திறக்க முன் அப்பா முந்திக்கொண்டு, "வெயிலுக்குக் கழண்டு போச்சு மச்சான்" என்றார். மெல்பேர்னில், இந்த ஜூலைக் குளிரில், வெயிலுக்கு! "இல்லைத் தம்பி, நான்தான் கழட்டினனான்" என்றேன். மாமா கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நான் அவையிட்டைக் கேக்கவே இல்லை அக்கா. அப்ப வேலைக்குச் சேர்ந்து மூண்டாம் கிழமை, மனேஜரிட்டைக் கேக்கப் பயமாக் கிடந்தது" என்றார். புதன்கிழமை காரின் முதலாவது சேர்விசுக்கு நான் அங்கே வரும்போது மனேஜர் பார்ப்பாராம், சட்டத்தையாவது பூட்டிக்கொண்டு வரட்டாம், வேலை நிரந்தரமானதும் கழற்றலாமாம். "ஒரு நாளைக்குத்தானே, பூட்டினால் போச்சு" என்றார் அப்பா.

இரண்டு கிழமையாக நான் சேர்த்து வைத்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. என் சொல்லை அவர் மதிக்கவில்லை என்று நினைத்திருந்தேன், பார்த்தால் அவரும் என்னைப் போல வாய் திறக்கப் பயந்தவர். பாவமாக இருந்தது. ஆனாலும், "உன்ர பேர் கெடாமல் நான் கதைக்கிறன் தம்பி, ஆனால் பூட்டமாட்டன்" என்று சொல்லிவிட்டேன். பாயசத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார். "போட்டு வாறன் அக்கா" என்றபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் இந்நேரம் வரை என்னை இருக்கவிடாமல் செய்கிறது. சாமான் கழுவும்போது இரண்டு தரம் கராஜ் வரை போய்த் திரும்பினேன். அவர் வேலைக்கு ஏதும் வந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? ஆனால் பூட்டினேன் என்றால் அதற்குப் பிறகு கழற்றமாட்டேன், என்னை எனக்குத் தெரியும். புதன் தனியாகத்தான் போகிறேன். மனேஜரைக் கேட்டு, கழற்றியது நான், திரும்பப் பூட்டச் சொல்லி மாமா கேட்டும் மாட்டேன் என்றது நான், அவரில் பிழை இல்லை என்று நேரே சொல்லப்போகிறேன். அதற்கான இங்கிலீஷை இப்போதே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நீ கவனமாக இரு மகள். வேலை முடிந்து களைப்போடு கார் ஓடாதே, கொஞ்சம் இருந்து தண்ணீர் குடித்துவிட்டு வெளிக்கிடு. அம்மாளாச்சி எப்போதும் உன் பக்கத்தில் நிற்கவேண்டும். புதன் பின்னேரம் மறக்காமல் என் போனுக்கு எடு. அப்பாவிடம் கேட்டால் எல்லாம் நல்லபடி முடிந்தது என்றுதான் சொல்வார். நீ என்னிடம் கேள்.

உன் அம்மா,
சயந்தினி