வளைவில் இருந்த நான்கு முளைகள்

ஏழாங்கட்டைத் தோட்டம்,
கோப்பேங் சாலை, பேராக்.
10.12.1983, சனி இரவு

அன்புள்ள அம்பிகை அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். உங்கள் ஆபீஸில் இருப்பவர்களிடமும் வேண்டாம். படித்து முடித்ததும் கிழித்துவிடுங்கள். நான் எழுதினேன் என்று தெரிந்தால் அப்பாவுக்கு வேலை போகும். அம்மாவுக்கு அதைவிடப் பெரிய கஷ்டம் வரும்.

நான் எல்ஸி. மண்ணைச் சோதிக்க வந்த உங்களுக்காகக் குட்டைக் கரையில் சம்மட்டி அடித்த டொமினிக்கின் மகள். பள்ளி விடுமுறையில் ஐந்து நாள் உங்கள் பின்னாலேயே நடந்து, நீங்கள் சொன்ன எண்களை நோட்டில் எழுதியவள். எஸ்.ஆர்.பி. பரீட்சை முடிவு வந்ததும் எழுது என்று சொல்லி உங்கள் ஈப்போ விலாசத்தைத் தந்தீர்கள். முடிவு இன்னும் வரவில்லை. இது வேறு விஷயம்.

நீங்கள் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே இன்றுவரை எல்லாரும் சுகம். பத்து மணிக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். கொசுவலைக்குள் டார்ச் லைட்டை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கோணல்மாணலாக இருந்தால் மன்னிக்கவும்.

உங்கள் ரிப்போர்ட் வந்துவிட்டது. கரை முழுக்க இறுகிய களிமண், தண்ணீர் சுலபமாக ஊடுருவாது, குட்டையின் மட்டத்தை ஆறடி உயர்த்தலாம் என்று அதில் இருப்பதாகத் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி லயத்துக்கே வந்து சொன்னார். புதன்கிழமையிலிருந்து இரண்டு பம்புகள் இரவும் பகலும் ஓடுகின்றன. ஈயம் தோண்டிய பழைய லம்பத்துக் குட்டைக்குள் ஆற்றுத் தண்ணீரை ஏற்றுகிறார்கள். ரப்பர் பால்மரங்களை வெட்டிய இடத்தில் வைக்கப்போகும் செம்பனைக் கன்றுகளுக்கு அந்தத் தண்ணீர். குட்டைக்கும் எங்களுக்கும் நடுவில் அந்தக் கரை ஒன்றுதான். கரைக்குக் கீழே எங்கள் லயத்தில் முப்பத்திரண்டு வீடுகள்.

அக்கா, அந்த ரிப்போர்ட் ஓர் இடத்தில் தப்பு. தப்பு உங்களுடையது இல்லை.

முதல் நாள் நீங்கள் இரும்புத் தட்டை மண்ணில் வைத்து அப்பாவை அடிக்கச் சொன்னீர்கள். முளை அடித்த இடங்களில் எல்லாம் ஆணி வைத்த சின்னப் பெட்டிகளைக் குத்தி, இவைதான் காது என்றீர்கள். நான் விளங்காமல் நின்றதும் நீங்கள் சொன்னது எனக்கு மனப்பாடம். "சத்தம் ஓடுற ஓட்டத்தில மண்ணின்ர குணம் தெரியும் பிள்ளை. இறுகின களிமண்ணில கெதியா ஓடும். பொலபொலவெண்டு இருக்கிற மணலில பிந்தித்தான் வரும், வரும்போதே மெலிஞ்சு போயிரும். சத்தம் மெலியிற அந்த இடுக்காலதான் தண்ணியும் போகும்" என்றீர்கள். அப்பா சம்மட்டியை ஊன்றிக்கொண்டு, "சத்தம்தான் வேணும்னா எங்கள வேல வாங்குற மண்டோர நிக்க வைங்க மிஸ், அவரு கத்துற கத்துக்கு கடலுக்கு அடியில இருக்கற மண்ணும் தெரியும் லா" என்றார். நீங்கள் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. பிறகு என்னிடம், "இது மதிப்பீடுதான், எல்ஸி. நாங்கள் காது வைச்ச இடத்தைப் பற்றி மட்டுந்தான் மண் சொல்லும்" என்றீர்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் பேட்டரி வாங்க நீங்கள் கோப்பேங்குக்குப் போனீர்கள். பம்ப் கொட்டகையிலிருந்து நூற்று நாற்பது காலடி தள்ளிக் கரை வளைகிற இடத்தில், பதினான்கு முதல் பதினேழு வரை நான்கு முளைகள் அடித்திருந்தீர்கள். நீங்கள் போனதும் அப்பா அந்த நான்கையும் பிடுங்கி, இருபதடி தள்ளி லாரி ஓடி இறுகிப்போன செம்மண் தடத்தில் அடித்தார். பழைய குழிகளைக் காலால் மூடினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் திரும்பி வந்து காதுகளை அங்கே வைத்தீர்கள். சத்தம் வேகமாக வந்தது. நல்ல எண்கள். பதினான்கு, பதினைந்து, பதினாறு, பதினேழு என்று என் கையால் எழுதினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அந்த வளைவில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

எங்கள் லயத்தில் இறந்தே பிறந்த பிள்ளைகளையும், பெயர் வைப்பதற்கு முன்னால் போய்விட்ட பிள்ளைகளையும் இடுகாட்டுக்குக் கொண்டுபோவதில்லை. கோயிலுக்குப் போகிறவர்களும் சரி, சர்ச்சுக்குப் போகிறவர்களும் சரி, பொழுது சாயும் நேரத்தில் அந்த வளைவுக்குத்தான் கொண்டுபோவார்கள். தகப்பன் மட்டும் குழி வெட்டுவார். எங்கும் பதியமாட்டார்கள், கல்லும் வைக்கமாட்டார்கள். தோட்டத்து ஆபீஸுக்குத் தெரிந்தால் போலீஸ் வரும் என்று எல்லாருக்கும் பயம். இரண்டு வருஷத்துக்கு முன் என் தம்பியையும் அங்கேதான் வைத்தோம். அவன் நான்கு நாள் இருந்தான். ஞானஸ்நானத்துக்கு ஃபாதர் ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தது.

உங்கள் முளைகளை வளைவில் பார்த்த அன்று ராத்திரி ஆறேழு பெண்கள் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்க்காமலேயே, "தூங்குற பிள்ளய சம்மட்டியால அடிச்சா எழுப்புவீங்க?" என்று கேட்டார். அப்பா மறுநாள் முளைகளைப் பிடுங்கினார்.

இதில் இன்னொன்று இருக்கிறது. எனக்கே முந்தாநாள்தான் புத்திக்கு எட்டியது. பெண்கள் ஏன் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் தெரியுமா? கரையில் வேறு எங்கே வெட்டினாலும் சங்கோல் மண்வெட்டி எகிறும். வளைவில் மட்டும் மண் மெதுவாக இருக்கும், கையாலேயே அள்ளலாம். லம்பத்துக்காரர்கள் கழுவிக் கொட்டிய வெள்ளை மணல் அது. தம்பிக்குக் குழி வெட்ட அப்பாவுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மண்கூட நமக்காக இரக்கப்படுகிறது என்று அன்றைக்கு யாரோ சொன்னார்கள்.

வியாழக்கிழமை பக்கத்து வீட்டுக் காளியம்மா அக்கா, "மழையே இல்ல, என் கோழிக்கூட்டுக்கு மட்டும் தனியா பேஞ்சிருக்கு" என்று சொல்லிச் சிரித்தார். எங்கள் வீடும் அவர் வீடும் வளைவுக்கு நேர் கீழே இருக்கின்றன. நேற்று அந்த ஈரம் விரல் தடிமனுக்கு ஓடியது. கண்ணாடி மாதிரி தெளிவான தண்ணீர். காளியம்மா அக்கா அதில் பாத்திரம் கழுவினார். இன்று சாயங்காலம் அது கலங்கி வந்தது. ஒரு மங்குக் கிண்ணத்தில் பிடித்து வைத்துப் பார்த்தேன். அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு வெள்ளை மணல். தண்ணீர் மட்டும் வரவில்லை அக்கா, கரையும் சேர்ந்து வருகிறது.

மங்கை அப்பாவிடம் காட்டினேன். முளையைப் பற்றி ஆபீஸில் சொல்லிவிடுங்கள், பம்பை நிறுத்தச் சொல்லுங்கள் என்றேன். "சொன்னா என்ன நடக்கும்? மெஷின் வந்து அந்த எடத்தையே தோண்டும். உங்கம்மா அத பாத்துக்கிட்டு நிப்பாளா? வாய மூடிக்கிட்டு போய் படி" என்றார். அவர் இதுவரை என்னிடம் அப்படிப் பேசியதில்லை. மங்கில் இருந்த தண்ணீரை வாசலில் ஊற்றிவிட்டு, மணலை மட்டும் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று இரவு பம்புக்குக் காவல் அப்பாவுடைய முறை. பத்து மணிக்குப் போகவேண்டியவர் ஏழு மணிக்கே சாப்பிடாமல் கிளம்பினார். சங்கோலும், வீட்டில் இருந்த கோணிச் சாக்குகள் எல்லாமும் கொண்டுபோனார். காளியம்மா அக்காவிடமும் சாக்கு கேட்டு வாங்கினார். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, "தேங்கா மூட்ட கட்டணும்" என்றாராம். எங்கள் தோட்டத்தில் தென்னை மரமே இல்லை. மணல் மூட்டை கட்டித் தானே கரையை அடைக்கப் பார்க்கிறார் என்று நினைக்கிறேன்.

போன் ஆபீஸில் மட்டும்தான் இருக்கிறது. கிராணி பக்கத்திலேயே நிற்பார். அதனால் நாளைக்குக் காலை பூசைக்குப் போகும்போது கோப்பேங்கில் இதைப் பெட்டியில் போடுவேன். திங்கள், இல்லாவிட்டால் செவ்வாய் உங்கள் கைக்கு வரும். அதுவரை தாங்குமா என்று நீங்கள்தான் சொல்லமுடியும். ஆனால் உங்கள் பதில் வருவதற்குள் புதன் ஆகிவிடும்.

எனக்காக ஒன்று செய்யுங்கள். கடிதம் வந்தது என்று சொல்லாதீர்கள். உங்களுக்கே சந்தேகம் வந்த மாதிரி வந்து, பம்பை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு வளைவில் காது வையுங்கள். செம்பருத்திச் செடி இருக்கும் இடம்தான். அது தானாக முளைத்த செடி இல்லை. மெஷின்தான் தோண்டவேண்டும் என்றால் ஒரு நாள் முன்னால் எப்படியாவது எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். அம்மாவும் மற்றவர்களும் தங்கள் கையாலேயே எடுத்துக்கொள்வார்கள். அம்மாவிடம் நான் பேசுகிறேன். எப்படிப் பேசுவது என்று இன்னும் தெரியவில்லை.

அப்பாமேல் கோபப்படாதீர்கள். அவர் உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை. நான் அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் நீங்கள் சிரித்துவிட்டு முளைகளைத் திரும்ப அடித்திருப்பீர்கள், அவ்வளவுதான். எண்களை எழுதியது என் கை.

மாதா உங்களுக்குத் துணை இருக்கட்டும். வண்டி கிடைத்த உடனே புறப்படுங்கள். அம்மாவும் குட்டித் தங்கச்சியும் என் பக்கத்தில் தூங்குகிறார்கள், அவர்களுக்கு ஒன்றும்

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். எங்கள் கதவு என்று நினைத்து டார்ச்சை அணைத்துவிட்டேன். எங்கள் கதவு இல்லை. லயத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு ஓடி வருகிறார்கள். அது அப்பாவின் குரல்